மாடு மேயும் ஓடுபாதைகள்

கிழக்குத் தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள மரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விமானத்தைப் பார்த்தால் போதும். எதிர்காற்றில்தான் விமானம் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது ஒரு பக்கமாக ஏறியவை, ஐப்பசியில் வாடை தொடங்கியதும் மறுபக்கமாக ஏறும். எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பயிற்சி விமானங்களும் கிளம்பும். ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, சக்கரம் தரையில் பட்டதும் மறுபடி ஏறும். அம்மா பேசிக்கொண்டே இருப்பார். சத்தம் வந்ததும் நிறுத்துவார். போனதும் நிறுத்திய வார்த்தையிலிருந்தே தொடர்வார். தெருவில் எல்லார் வீட்டிலும் இதே வழக்கம்தான். விருந்தாளிகளுக்குத்தான் அது புதிதாக இருக்கும்.

அந்த ரன்வே ஏர்போர்ஸ்காரர்களுடையது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சுற்றுச்சுவர், முள்வேலி, வாசலில் துப்பாக்கியோடு ஆள். வேறு யாருடையதாக இருக்க முடியும்? ஆனால், எங்களுக்குப் பால் ஊற்றிய ஆயா அப்படிச் சொல்ல மாட்டார். மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து வருவார். பித்தளைப் படியைக் கவிழ்த்துப் பாலை ஊற்றியபடியே, "அங்கதான் எங்க மாமனாரு மாடு மேய்ச்சாரு. வெள்ளக்காரன் சண்டையப்ப எடுத்துக்கிட்டாங்க. சண்ட முடிஞ்சதும் குடுத்துடுவோம்னாங்களாம்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. ஊருக்குப் போன ஒருவர் இன்னும் வரவில்லை என்று சொல்வதைப் போல இருக்கும். அம்மாவும் "அப்படியா ஆயா" என்பார். மறுநாள் அதே பேச்சு வந்தாலும் அம்மா அதே "அப்படியா"வைச் சொல்வார்.

ஆயா சொன்ன சண்டை இரண்டாம் உலகப்போர். அது தாம்பரம் வரை எப்படி வந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னை காலியானது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ரயிலேறினார்கள். அரசு அலுவலகங்கள் கடற்கரையை விட்டு உள்பகுதி ஊர்களுக்கு மாற்றப்பட்டன. விலங்குக் காட்சிச் சாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டே விட்டார்கள். தென்னாட்டில் கரைக்குத் தள்ளி, எதிரியின் கண்ணில் சட்டெனப் படாத இடங்களில், விமானம் இறங்க நிலம் தேடும் வேலை அவசரமானது. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம், அரக்கோணம் என்று பொட்டல் கிடைத்த இடமெல்லாம் ஓடுபாதை வந்தது அப்படித்தான்.

தாம்பரத்துக்கு வந்தது பிரிட்டிஷ் கடற்படை. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பது அவர்கள் முறை. சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி, கோயம்புத்தூருக்கு எச்.எம்.எஸ். கருடா. 1944-ல் தாம்பரத்துக்கு எச்.எம்.எஸ். வல்லூறு. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு வேண்டிய விமானங்களை இங்கே இருப்பில் வைத்து, பழுது பார்த்து, கேட்டபோது அனுப்பினார்கள். செங்கல்பட்டுச் சாலையில் மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்த காலம் அது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியே 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்து ஏழு ஆண்டு. அந்த அமைதிக்கு நடுவில் மாலுமிகள் வந்து தங்கினார்கள்.

1945 ஆகஸ்டில் போர் நின்றது. அமெரிக்காவிடம் இரவல் ஒப்பந்தத்தில் வாங்கிய விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். புத்தம் புதிய விமானங்களைக்கூடக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கடலுக்குள் தள்ளினார்கள் என்பது அந்தக் கடற்படையின் வரலாற்றிலேயே இருக்கிறது. வல்லூறும் கொஞ்ச காலத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு இந்திய விமானப்படை வந்தது. 1954-ல் அம்பாலாவிலிருந்து பறக்கும் பயிற்றுநர்களுக்கான பள்ளி தாம்பரத்துக்கு மாறியது. அதாவது, விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறவர்களுக்கே கற்றுத்தரும் பள்ளி. எங்கள் காலைப் பேச்சை நிறுத்தியவர்கள் அவர்கள்தாம். கடற்படை போவதற்கும் விமானப்படை ஊன்றுவதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருந்திருக்க வேண்டும். "நடுவுல கொஞ்ச நாளு மாட்ட உள்ள விட்டோம்" என்று ஆயா சொன்னது அந்த இடைவெளியைத்தான் என்று நினைக்கிறேன். எந்த ஆவணத்திலும் அது இருக்காது. மாடு புல் தின்றதை யார் பதிவேட்டில் ஏற்றுவார்கள்?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தையைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. பழைய டிரங்க் ரோட்டின் இருபுறமும் செடி, புறா, காய்கறி, பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, உடைந்த கடிகாரம் எல்லாம் கிடைக்கும். ஒருமுறை அங்கே, தார்ப்பாயின் மேல் குழாய்த் திருகுகளுக்கு நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டப் பெட்டியைப் பார்த்தேன். முகப்புக் கண்ணாடியில் விரிசல். பூஜ்யம் முதல் ஒன்பது வரை வெள்ளை எண்கள். மூன்று முட்கள்; ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று இரண்டுக்கும் நடுவில். பின்பக்கம் ஒரு சின்னக் குழாய் முனை. அதன் வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே போய் முள்ளை நகர்த்தும். உயரமானி. "ஏர்போர்ஸ் சாமான் சார், ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். முட்களில் இரண்டு ஒட்டிக்கொண்டு நகரவில்லை. எந்த உயரத்தில் நின்றதோ தெரியாது. விலை படியவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சாலைக்குச் சற்றுத் தள்ளி 1910-ல் நடந்தது மனத்தில் ஓடியது.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவைச் சேர்ந்தவர். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. ஓட்டல்காரரின் காதுக்கும் வந்தது. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கவில்லை. தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்யச் சொன்னார். 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிய பட்டறை அது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, சிறிய எஞ்சின். அதைப் பல்லாவரத்துக்குக் கொண்டுவந்து வெட்டவெளியில் ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஊர் பார்க்கப் பறந்து காட்டினார். ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று சென்னை வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதுண்டு. வேறு ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தப் போட்டி பெரிதில்லை. பிளேரியோ பறந்து எட்டு மாதத்துக்குள் நம் ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் செய்து கொடுத்த ஒன்று மண்ணை விட்டு எழும்பியது. அந்த இடம் பல்லாவரம்.

தனி ஆள் ஒருவரின் சொந்த முயற்சிக்காக, சொந்த விமானத்துக்காக, இந்த வட்டாரத்தில் ஓடுபாதையாக இருந்த முதல் நிலம் அதுதான். யாரும் கொட்டகை போட்டு அதை அமைக்கவில்லை. கல் பதிக்கவில்லை. அப்போதைய விமானத்துக்கு வேண்டியது கெட்டியான, மேடு பள்ளம் இல்லாத தரை மட்டும்தான். பல்லாவரத்தின் சரளை மண் அதற்குத் தோது. அந்தச் சரளைக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு. 1863 மே 30 அன்று, பல்லாவரம் கண்டோன்மென்ட்டின் படைத்திடலை ஒட்டிய சரளைக் குழியில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லாயுதத்தைக் கையில் எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. ஒரே ஊரின் மண்ணில் கைக்கோடரி, அதே ஊரின் மண்ணில் விமானச் சக்கரம். இடையில் 47 ஆண்டுகள்.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஒரு விமானம் தபால் மூட்டையோடு பறந்தது. சில கிலோமீட்டர் தூரம்தான். அதன் பொன்விழாவுக்கு 1961-ல் அரசு தபால்தலை வெளியிட்டது. அது நியாயம்தான். பல்லாவரத்துக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்.

சோழவரம் எனக்கு விமானமாக அறிமுகமாகவில்லை, கார்ச் சத்தமாக அறிமுகமானது. அப்பாவின் சினேகிதர் ஒருவருக்கு மோட்டார் பைத்தியம். "வாடா, பிளேன் எறங்குன எடத்துல காரு பறக்கறதக் காட்டறேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை ரயில், அங்கிருந்து வடக்கே பஸ். போர் முடிந்து விமானங்கள் கைவிட்ட அந்த ஓடுபாதையில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. வெயில் காலத்துக்கு முன்பு வருஷா வருஷம் நடக்கும். சணல் சாக்கு விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனபோது காரைவிடத் தரையையே அதிகம் பார்த்தேன். கான்கிரீட் பலகைகளுக்கு நடுவிலிருந்த தார் இளகி, டயர் போன தடம் அதில் பதிந்திருந்தது. தடத்துக்கு அப்பால், யாரும் வண்டி ஓட்டாத மூலையில், அதே இடுக்குகளில் தும்பையும் நெருஞ்சியும் முளைத்திருந்தன. நேராக வந்த பாதையை இன்னொரு பாதை குறுக்கே வந்து முட்டியது. "ஏன் மாமா ரெண்டு ரோடு?" என்று கேட்டேன். "காத்து ரெண்டு பக்கமும் அடிக்குமில்ல" என்றார். இலேசான பழைய விமானங்களைப் பக்கக் காற்று கவிழ்த்துவிடும். அதனால் போர்க்காலத் தளங்களில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பாதை போடுவார்கள். ராஜகீழ்ப்பாக்கத்து மொட்டை மாடியில் நான் கண்டுகொண்ட பாடம் சோழவரத்தில் கான்கிரீட்டாகக் கிடந்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் திறந்ததும் சோழவரத்தில் அந்தச் சத்தமும் ஓய்ந்தது. ஒரே நிலம் இரண்டு முறை கைவிடப்பட்டது.

திருச்சிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உளுந்தூர்ப்பேட்டை ஓடுபாதைப் பக்கம் வந்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். செட்டிநாட்டில் இன்னும் நெருங்கிப் பார்த்தேன். அங்கே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது, பெரிய நிலம், அதற்குள்தான் போர்க்கால ஓடுபாதை கிடக்கிறது. செம்மண் பொட்டல். நடுவே சாம்பல் நிறத்தில் அகலமான பட்டை, கண்ணுக்கு எட்டும்வரை. அதன் மேல் மாடுகள் அவசரமில்லாமல் கடந்து போய்க்கொண்டிருந்தன. சாணம் காய்ந்து கிடந்த இடத்தில் குனிந்து பார்த்தால், ஜல்லியை இறுக்கிய விதம் இன்னும் தெரிகிறது. பெரிய கல் கீழே, சின்னக் கல் மேலே, இடுக்கில் கிராவல். ரோலர் ஓடுவதற்கு முன்னால் இத்தனை கல்லையும் கூடையில் சுமந்து கொட்டியிருப்பார்கள். பெண்கள்தான் சுமந்திருப்பார்கள், இந்த நாட்டில் கல் சுமந்தது அவர்கள்தாம். ஓர் ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவை. எங்கோ பக்கத்தில் கூடு இருந்திருக்கும். மாடு ஓட்டிவந்த பெரியவர், "அந்தப் பக்கம் கால வைக்காதீங்க, முட்ட இருக்கும்" என்றார். இங்கே மறுபடி விமானம் வரப் போகிறதாமே என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துலேருந்து வருதுங்கறாங்க. வரட்டும். மாட்ட எங்க ஓட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டு வரட்டும்" என்றார்.

அதைக் கேட்டபோது பால்கார ஆயாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடுவே 400 கிலோமீட்டர்.

விமானங்கள் கைவிட்ட நிலம் வீண் நிலம் என்று சொல்பவர்களுக்கு அரக்கோணத்தைக் காட்டுவேன். போர்க்காலத்தில் போட்டு, பின்பு பல காலம் சும்மா கிடந்த அந்தத் தளத்தை இந்தியக் கடற்படை எடுத்துக்கொண்டு 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி ஆக்கியது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்க முடியாது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மீனம்பாக்கத்தில் அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி இரண்டாவது ரன்வேயை நீட்டியிருந்தார்கள். ஆறு ஏறி வந்து விமான நிலையத்தையே நிரப்பியது. சில நாள் ஒரு விமானமும் இல்லை. அப்போது சென்னைக்கு வர வேண்டியவர்கள் அரக்கோணத்தில்தான் இறங்கினார்கள். 1942-ன் அச்சத்தில் போட்ட பாதை, 73 ஆண்டு கழித்து நம் ஊருக்கு வாசலாக இருந்தது. அந்த வாரம் தாம்பரத்திலும் ஓய்வில்லை. மொட்டை மாடியில் நின்ற ஜனங்கள் ஹெலிகாப்டரைப் பார்த்துத் துணியை வீசிக் காட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு முதல்முறையாக எங்கள் தெருவில் எல்லாரும் காத்திருந்தோம்.

அடுத்த ஆண்டு, 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு ஏ.என்.-32 விமானம் ஒன்று ஏறியது. 29 பேர். வங்கக் கடலின் மேல் அது காணாமல் போனது. பல வாரம் தேடினார்கள். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் படத்தில் தெரிந்தன. கண்டது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ஊர்தி. கிளம்பிய இடத்திலிருந்து கண்டுபிடித்தவர்களின் அலுவலகம் வரை, வேளச்சேரிச் சாலையில் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் யாருக்கும் அதிகம் பேச்சு வரவில்லை. 2016-ன் அந்தக் காலையில் விமானம் ஏறிய சத்தத்தை நாங்களும் கேட்டிருப்போம்; பேச்சை நிறுத்தி, மறுபடி தொடங்கியிருப்போம்.

பல்லாவரத்து வெட்டவெளி எது என்று தேடிப் போயிருக்கிறேன். கண்டோன்மென்ட் தெருக்கள், பழைய பங்களாச் சுவர்கள், வேப்ப மரங்கள், அடுக்குமாடிகள், மேம்பாலம். அடிக்கொரு தரம் மீனம்பாக்கத்து விமானம் மிகத் தாழ்வாகப் போகிறது. சக்கரத்தில் இருக்கும் தழும்புகூடத் தெரியும் என்று தோன்றும். 1932 அக்டோபரில் டாடா விமானத் தபால் தொடங்கியபோது கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் ஓட்டிவந்தார். அதை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அதற்கு 22 ஆண்டு முன்னால் இதே சுற்றுவட்டாரத்தில் ஓர் ஓட்டல்காரர் தன் கைக்காசைப் போட்டுப் பறந்ததைச் சொல்ல ஒரு பலகை இல்லை. டீக்கடையில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "மிலிட்டரி கிரவுண்டு நெறைய இருந்துச்சு தம்பி, நாங்க சின்னப் புள்ளைல பட்டம் விடுவோம்" என்றார். எந்தக் கிரவுண்டு என்று கேட்டதற்கு நாலு திசையிலும் கையைக் காட்டினார். அவர் காட்டியது சரியாகத்தான் இருக்கும். எல்லாமே வெட்டவெளியாக இருந்த காலத்தில் எல்லையை யார் பார்த்தார்கள்?

பறந்தவர்களின் பெயராவது எங்காவது ஒரு புத்தகத்தில் நிற்கிறது. எந்தத் தரையிலிருந்து பறந்தார்களோ அந்தத் தரையை அதுவரை வைத்திருந்தவர்களின் பெயர் நிற்கவில்லை. மாடு மேய்த்த மாமனார், கல் சுமந்த பெண்கள், குழி வெட்டியவர்கள். இவர்களைப் பற்றித் தாம்பரத்தில் எஞ்சியிருப்பது பால்கார ஆயா சொன்ன இரண்டு வாக்கியம்தான்; ஆயாவும் போய் நெடுநாளாகிறது. அவர் அந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு பெயர் சொல்வார். ஏதோ ஒரு மேடு. எத்தனை முயன்றும் அந்தப் பெயர் வரவில்லை, கேட்க வீட்டிலும் இப்போது யாரும் இல்லை.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்று இடம் பார்த்தபோது திருப்போரூரும் படாளமும்கூடப் பட்டியலில் இருந்தன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று முடிவானது. 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல். அதில் ஏரிகள் இருக்கின்றன, நெல் விளையும் நஞ்சை இருக்கிறது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் வேலை முடித்து வந்து மாலை நேரங்களில் கூடி உட்கார்ந்து, நிலம் தர மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். விமானச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு விமான நிலையம் வேண்டாம் என்று சொல்ல நா எழாது. ஆனால், 1942-ல் எதிரி வந்துகொண்டிருந்தான் என்று ஒரு காரணம் இருந்தது. இன்று அவசரம் என்ற பெயரில் யாரிடமும் கேட்காமல் எடுப்பதற்கு அந்தக் காரணம் இல்லை. கம்பன் கால்வாய் எந்த ஏரியை நிரப்பிவிட்டு எந்த ஏரிக்குப் போகிறது, எந்தக் களத்துக்கு என்ன பெயர், எந்த மேட்டில் யார் வீட்டு மாடு மேய்ந்தது என்பதையெல்லாம் அங்குள்ள பெரியவர்கள் இன்னும் வரிசையாகச் சொல்கிறார்கள். நோட்டும் பேனாவுமாக அங்கே ஆட்கள் போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அளவைக் கல் நடுகிறவர்கள் வருவதற்கு முன்னால் போக வேண்டும்.